கடல் கடந்து படிக்கச் செல்வோர்க்கு

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அயல்நாட்டில் படிக்கச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பயண ஆயத்தம் பற்றிச் சிறிது கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பெட்டி கட்டுவதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். பல தலைமுறைகளாகப் போய்வந்த குடும்பங்களில் இவை அண்ணனிடமிருந்து தம்பிக்கு வீட்டிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. நம் தெருவிலிருந்து முதலாவதாகப் புறப்படுகிறவருக்கு எடுத்துச் சொல்வார் யார்? நம் முன்னோரும் கடல் கடந்தவர்களே. ஆனால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் தோட்டக் கூலிகளாகச் சென்ற அவர்களுக்குக் கட்டுவதற்குப் பெட்டி ஏது?

1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரில் சென்று இறங்கினார். வயது 22. தந்தையார் மறைந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை. மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தனர். பரோடா மன்னர் வழங்கிய உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். கலக்கமே இன்றிக் கப்பலேறியிருப்பார் என்று நான் நம்பவில்லை. கலக்கத்தோடுதான் சென்றிருப்பார், சென்று படித்தார்.

அவர் 1917-இல் நாடு திரும்பியபோது நிகழ்ந்ததையும் அறிந்துகொள்ளுங்கள். அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்களை வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். அது முதல் உலகப் போர்க் காலம். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் அக்கப்பல் மூழ்கியது, நூல்களும் மூழ்கின. அன்று அவருக்கு வேறு வழியில்லை. இன்று உங்களுக்கு வழி உண்டு. இழந்தால் மீண்டும் பெற இயலாதவற்றை உங்கள் கையைவிட்டு அகல விடாதீர்கள். பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை ஆணை, மதிப்பெண் சான்றிதழ்களின் மூலங்கள், கண்ணாடி, மருந்து, மருத்துவர் சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். படிகள் பெட்டியில் ஒன்று, தந்தையாரிடம் ஒன்று. சாதிச் சான்றிதழின் மூலத்தை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். அங்குள்ள அதிகாரி எவரும் அதைக் கேட்கப்போவதில்லை. (கேட்பவர் இருந்தால் அவர் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து சென்றவராகவே இருப்பார். அவருக்கு விடை கூறும் கடமை உங்களுக்கு இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023-இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தாலேயே தடை செய்துள்ளது.)

பெயரைப் பற்றி ஒரு சொல். நமக்குத் தலைப்பெழுத்து உண்டு; குடும்பப் பெயர் இல்லை. அது குறையன்று. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் 'அறியப்படாதது' என்று அச்சாகி வரும். ஆகவே தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையாரின் அல்லது தாயாரின் முழுப் பெயரை எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலே எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். பிழை இருப்பின் பள்ளி வழியாகத் திருத்தம் கேட்க இப்போதே விண்ணப்பியுங்கள்; பயணத்திற்கு முந்திய வாரம் அதற்கு உதவாது.

பெட்டியின் எடை விமானத்துக்கு விமானம் வேறுபடும். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பதே பல இடங்களில் அளவு. அரிசிக் கடைத் தராசில் முன்னதாகவே நிறுத்துப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் செல்ல வேண்டும். பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். அம்மா தரும் பொடி வகைகளை மறுக்க வேண்டாம். ஆயினும் பச்சைக் கறிவேப்பிலையையும் கறி ஊறுகாயையும் அமெரிக்கா அனுமதிப்பதில்லை. உணவுப் பொருள் எது இருப்பினும் சுங்கத்தில் மறையாமல் அறிவியுங்கள்.

இனி அச்சம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு உறக்கம் கெடும், வயிறு கலங்கும். அதை நோயென்று எண்ணிவிடாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, செலவுக்கு யார் பணம், எங்கே தங்குவீர் என்பனவே குடியேற்ற அதிகாரி கேட்கும் கேள்விகள். நான்கிற்கும் ஆங்கிலத்தில் சுருக்கமான விடையை நண்பர் ஒருவர் முன்னிலையில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். இலக்கண அழகை அவர் பார்ப்பதில்லை. உண்மையும் தெளிவும் போதும். கேள்வி விளங்காவிடில் மறுமுறை கூறும்படி கேட்பதில் இழுக்கில்லை. பெட்டிகள் முழுவதையும் நீங்களே தூக்கி ஒருமுறை தெருக்கோடிவரை நடந்து பாருங்கள். தூக்க முடியாததை வீட்டில் இறக்கி வையுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. அதைப் பெறுபவர் தம் தகுதியால் பெறுகிறார். வழியனுப்பும்போது, "நீ தோற்றால் நம் இனமே தோற்றதாகும்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்லுகிறீர்கள், ஆனால் ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தால்கூட வீட்டுக்கு எழுத அஞ்சி, தனியறையில் அவர் ஒடுங்கிவிடக் காரணம் அச்சொல்லே. பிற வீட்டுப் பிள்ளைகளும் தவறுகிறார்கள். மறுமுறை எழுதித் தேறுகிறார்கள். அந்த உரிமை நம் பிள்ளைக்கும் உண்டு. என்ன நேர்ந்தாலும் எங்களுக்கு எழுது, பணமுடை வந்தாலும் எழுது என்று சொல்லி அனுப்புங்கள்.

விமான நிலையத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்ல வேண்டும். பயணச் சீட்டு உள்ளவர் மட்டுமே உள்ளே செல்லலாம். ஆகையால் மாலையும் கண்ணீரும் வீட்டு வாசலிலேயே முடியட்டும். உடன் செல்ல இருவர் போதும்.