கணினிக்குப் பூட்டுப் போடும் திருடன்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் திருடனைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பாடமெல்லாம் வீட்டிலிருந்தே என்று ஆன பிறகு, நம்மில் எத்தனையோ பேர் ஓவர்டைம் காசைச் சேர்த்துப் பழைய கணினி ஒன்றை வாங்கிப் போட்டோம். இன்று அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பள்ளி வேலை, மூத்த மகளின் திருமணப் படங்கள், பிறப்புப் பத்திரத்தின் நகல், ஊழியர் சேமநிதிக் கணக்கு, காலமாகிப்போன பாட்டியின் ஒரே ஒரு படம். கணினி போனால் வேறு வாங்கலாம். பாட்டியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தப் படத்தைப் பிணை பிடித்துக்கொண்டு பணம் கேட்கிறவன்தான் நான் சொல்லும் திருடன். அவன் அனுப்பும் நிரலுக்கு ரேன்சம்வேர் என்று பெயர். தமிழில் பிணைப்பண நிரல் என்று சொல்லலாம். இந்தத் திருடன் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாமல், நம் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறான். படம் இருக்கும், திறக்காது. பாடம் இருக்கும், படிக்க முடியாது. பக்கத்தில் ஒரு சீட்டு: “பணம் கொடு, சாவி தருகிறேன்.”

உடைத்துத் திறக்க முடியாதா என்று கேட்பீர்கள். இந்தப் பூட்டுக்குச் சாவி இரண்டு. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு வேறொன்று. பூட்டும் சாவியை மட்டும் நம் வீட்டுக்கு அனுப்புகிறான். திறக்கும் சாவி அவன் மடியிலேயே இருக்கிறது. கணக்கு முறையில் அமைந்த பூட்டு ஆகையால், ஒழுங்காகப் போட்டுவிட்டான் என்றால் எந்தக் கெட்டிக்காரனாலும் குருட்டாம்போக்கில் திறக்க இயலாது.

இந்தத் தொழில் நேற்று முளைத்ததல்ல. 1989-ஆம் ஆண்டிலேயே எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, ஏறத்தாழ 20,000 வட்டுகளைத் தபாலில் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்கள் கணினியில் போட்டார்கள். 90 தடவை போல் கணினியைத் திறந்து மூடிய பிறகு எல்லாம் மறைந்துபோயிற்று. பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பு என்று திரையில் எழுத்து வந்தது. அன்றைய பூட்டு மட்டமான பூட்டு. விவரம் தெரிந்தவர்கள் திறந்துவிட்டார்கள். இன்றைய பூட்டு அப்படியல்ல. ஆனால் ஏமாற்றும் வழி மட்டும் மாறவேயில்லை. இலவசமாக வருவதைக் கண்டால் நம் கை தானாக நீளுகிறது, பாருங்கள்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். வீட்டுக் கணினிகளை மிக அதிகமாகத் தாக்கியவற்றுள் ஒன்று ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ எனப்படும் நிரல். அது பெரும்பாலும் நுழைந்தது எப்படி? காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு, படம் திருத்தும் நிரல் ஆகியவற்றைப் பூட்டுடைத்து ‘சும்மா எடுத்துக்கோ’ என்று போட்டிருக்கிறார்களே, அதற்குள் ஒளிந்துகொண்டுதான். அது கேட்ட பணம் 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர்! சேல்ஸ் போட்டு விற்கிறான், பார்த்தீர்களா? அந்தப் பாதி விலையே ஏறக்குறைய ஈராயிரம் வெள்ளி. குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 வெள்ளியை விட அதிகம். ஓர் இலவச விளையாட்டுக்கு அப்பாவின் ஒரு மாத உழைப்பு போதவில்லை.

இன்னொரு வாசல், நாம் திருத்தாமல் விட்ட ஓட்டை. 2017 மே 12-ஆம் நாள் ‘வானாக்ரை’ என்ற நிரல் கிளம்பி, சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. ஆகவே ‘அப்டேட்’ என்று திரையில் வந்தால் ‘அப்புறம், அப்புறம்’ என்று தள்ளாதீங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் அது விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

மின்னஞ்சலில் ‘பார்சல் வந்திருக்கிறது’, ‘பில் பாக்கி’ என்று வரும் இணைப்பையும் திறக்கக் கூடாது. இதை உங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

சரி, வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். கம்பி இருந்தால் பிடுங்குங்கள். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளி வட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அவற்றையும் பூட்டும். கண்ணெதிரிலேயே கோப்புகளின் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால் கணினியை அணைத்துவிடுங்கள். திரையில் தெரியும் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்க வேண்டாம்.

இதையெல்லாம் சில நிமிடங்களில் செய்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். கோப்பைத் திறந்தவன் பத்து வயதுப் பையன். அப்பா பிரம்பை எடுப்பார் என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போகிறான். மறுநாள் அக்கா வந்து திறந்து, தன் பென்டிரைவைச் செருகுகிறாள். அதுவும் போயிற்று! பெற்றோர்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். “என்ன ஆனாலும் உடனே வந்து சொல்லு, அடிக்க மாட்டேன்” என்று இன்றிரவே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். சொன்ன பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பெரிய பெரிய நிறுவனங்களில் படித்த அதிகாரிகளே ஏமாறுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை ஏமாறுவது பெரிய குற்றமா?

பணம் கட்டலாமா? கட்டக் கூடாது என்பதே என் கருத்து. கட்டியவர்களுக்கெல்லாம் சாவி கிடைத்துவிடுவதில்லை. கிடைத்தாலும் அந்தக் காசு அடுத்த வீட்டைப் பூட்டத்தான் போகிறது. 2025 மார்ச்சில் நம் நாட்டு விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் வெளிப்படையாகவே அறிவித்தார்.

உதவிக்கு வழி இருக்கிறது. சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 பிரிவை 1-300-88-2999 என்ற எண்ணில் அழைக்கலாம். 2016-இல் நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ என்ற இணையத்தளத்தில், திறக்க வழி தெரிந்த பூட்டுகளுக்கு இலவசமாகச் சாவி கொடுக்கிறார்கள். வேறு யாராவது ‘நூறு வெள்ளி கொடு, திறந்து தருகிறேன்’ என்றால் நம்பிவிடாதீர்கள். டிஜேவு போன்றவை கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களையும் கூடவே அழைத்து வருவதுண்டு. ஆகையால் வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். வங்கிப் பணம் களவு போனது தெரிந்தால் உடனே 997-க்கு அழையுங்கள்.

இவ்வளவும் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வருமுன் செய்ய வேண்டியது, கோப்புகளுக்கு இன்னொரு நகல் எடுத்துத் தனியே வைப்பதுதான். ‘தனியே’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை இத்தகைய நிரல் தாக்கியது. அவர்களிடம் நகல் இல்லாமலில்லை. ஆனால் அந்த நகலும் திருடன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. இரண்டையும் பூட்டிவிட்டான். மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான கடிதங்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரியவை, போயே போய்விட்டன. ஓர் அரசாங்கத்துக்கே இந்தக் கதி.

ஆகவே ஒரு வெளி வட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், செருகி, நகல் எடுத்து, கழற்றி, அலமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். செருகியபடியே விட்டுவிட்டால் அது நகலாகாது. இணையத்தில் சேமித்து வைத்திருக்கிறேன் என்பவர்களும் கவனிக்க வேண்டும்: கணினியில் பூட்டிய கோப்பு அங்கேயும் தானாகப் போய் நல்லதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். முந்தைய நிலையை மீட்கும் வசதி பலவற்றில் உண்டு. ஆனால் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

நகல் எடுக்காமலேயே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினிக் கடைக்காரரிடம் கொடுக்கும்போது, “ஃபார்மெட் பண்றதுக்கு முன்னாடி பூட்டின கோப்பெல்லாம் வேற வட்டுல எடுத்துக் கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். சில பூட்டுகளுக்கான சாவி பின்னாளில் வெளிவந்திருக்கிறது. 2019 அக்டோபரில் டிஜேவு நிரலின் 148 வகைகளுக்குத் திறப்பான் இலவசமாக வெளியானது. அழிக்காமல் வைத்திருந்தவர்களில் பலருக்குப் படங்கள் திரும்பக் கிடைத்தன. வட்டின்மேல் தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.