கூடிக் கூலி கொடுப்போம்

('கூட்டுத் தோட்டம் செழிப்பது கூடி உழைப்பதாலா, ஆள் வைத்துப் பார்ப்பதாலா?' என்ற பட்டிமன்றத்தில், 'ஆள் வைத்துப் பார்ப்பதாலே' என்ற அணியில் பேசியது. இடம்: ஆண்டிமடம்)



எதிரணித் தலைவர் 'ஊர் கூடித் தேர் இழு'ன்னு சொன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அய்யா, தேர் வருஷத்துக்கு ஒருமுறை! வெண்டைச் செடிக்கு வெயில் காலத்திலே தினமும் தண்ணி வேணுமே! தமிழிலே இன்னொரு பழமொழியும் இருக்கு. இந்த ஊர் மேடையிலே சொல்லக் கொஞ்சம் பயமா இருக்கு. 'ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதை!' (சிரிப்பு) உங்களைச் சொல்லலீங்க. நீங்க முந்திரிக்காட்டைக் கண்ணாப் பாக்குறவங்க. நான் சொல்றது திருச்சியிலே நாங்க குடியிருக்கிற தெருவை.

பதினஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரு காலி மனையைக் கேட்டு வாங்கி, கத்தரி, வெண்டை, கீரை, அவரைப் பந்தல்னு போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு வீடு முறை. முதல் வாரம் தண்ணி ஊத்தறதுக்குப் போட்டி. மூணாவது வாரம் செடி வாடி நிக்குது. 'இன்னைக்கு யார் முறை?'ன்னு கேட்டா, இவர் அவரைக் காட்டுறார், அவர் அடுத்த வீட்டைக் காட்டுறார். ஆனா ஒண்ணு அய்யா, காய் பறிக்கிற அன்னைக்கு மட்டும் முறையே இல்லாம பதினஞ்சு வீடும் ஆஜர்! (சிரிப்பு)

நிலத்துக்காரன் போய்ப் பார்க்காட்டா நிலம் மனைவி மாதிரி ஊடிக்கும்னு வள்ளுவர் சொன்னதை எதிரணி எடுத்துக் காட்டினாங்க. சரிதான். ஆனா வள்ளுவர் சொன்னது ஒரு நிலத்துக்கு ஒரு நிலத்துக்காரன். பதினஞ்சு பேர் இருந்தா, அவங்க போயிருப்பாங்கன்னு இவங்க, இவங்க போயிருப்பாங்கன்னு அவங்க!

சிங்கப்பூரிலே 2005 முதல் குடியிருப்புகளிலே ஜனங்களே கூட்டுத் தோட்டம் போடுறாங்களேன்னு கேட்டாங்க. உண்மைதான். அங்கே பின்னாலே நின்னு வழிகாட்ட அரசாங்கத்தின் தேசியப் பூங்காக் கழகம் இருக்கு. வருஷம் பூரா மழையும் இருக்கு. நமக்கு இருக்கிறது கத்திரி வெயில்!

அதனாலே ஒரு அம்மாவைத் தேடிப் பிடிச்சோம். காலையிலே ரெண்டு மணி நேர வேலை. பாத்தி கட்டினாங்க, களை எடுத்தாங்க, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சாங்க. தோட்டம் சிரிச்சது. மூணாவது மாசம் அந்த அம்மா வரலே. தேடிப் போய்க் கேட்டோம்.

'ஒருத்தர் ஊத்துங்கிறீங்க, ஒருத்தர் ஊத்தாதேங்கிறீங்க. அதைக்கூடப் பொறுத்துக்குவேன். மாசம் பொறந்தா என் கூலிக்குப் பதினஞ்சு வாசல் ஏற வேண்டியிருக்கு. நாளைக்கு வாங்கிறீங்க, அவங்க கொடுத்துட்டாங்களாங்கிறீங்க. நான் செஞ்சது வேலைங்க. பிச்சை கேட்டு வரலே.'

தலை குனிஞ்சோம் அய்யா.

எதிரணி இப்போ எழுந்து, 'ஆள் வச்சும் தோத்தீங்களே'ன்னு கேட்கலாம். ஆள் வச்சது தப்பில்லே. ஆளை வச்சுக்கத் தெரியாததுதான் தப்பு. நம்ம முன்னோருக்கு அது தெரிஞ்சிருந்தது. தென் மாவட்டக் கண்மாய்களிலே நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருப்பார். எல்லார் வயலுக்கும் தண்ணி பாய்ச்சுறவர் அவர். அறுவடையிலே ஒவ்வொரு வயல்லேயும் அவருக்குன்னு நெல் பங்கு உண்டு. அது ஊர் கொடுத்த உரிமை, யாரும் போட்ட தருமம் இல்லே!

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், குடவோலையிலே தேர்ந்தெடுத்திருக்காங்க. கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்திலேயே போடக் கூடாது. தோட்டத்துக்கு யார் பொறுப்பு, யார் கணக்குங்கிறதை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கல்லிலே வெட்டி வச்சாங்க. நாங்க அதை ஒரு நோட்டிலேகூட எழுதி வைக்கலே!

அப்புறம் எழுதினோம். வேலை சொல்ல ஒரே ஆள். ஒண்ணாம் தேதிக்கு முன்னாடியே பதினஞ்சு வீட்டுப் பணமும் ஒரு கையிலே சேரணும், ஒண்ணாம் தேதி காலையிலே அந்த அம்மா கைக்குப் போகணும். பறிக்கிற காயிலே அவங்களுக்கும் ஒரு பங்கு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அன்னைக்கு மட்டும் எங்க முறை. இதை எடுத்துக்கிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. 'லீவு அன்னைக்கு ஒழுங்காத் தண்ணி ஊத்துவீங்களா?'ன்னாங்க. (சிரிப்பு) மறுநாள் வந்துட்டாங்க.

நடுவர் அவர்களே, கூடி உழைக்கிறது நல்லதுதான், மறுக்கலே. ஆனா தினமும் வந்து நிக்கிற ஒரு ஜோடிக் கை இல்லேன்னா கூட்டுத் தோட்டம் இல்லே. அந்தக் கை நம்ம வாசல்லே நீண்டு நிக்காமப் பாத்துக்கிறது நம்ம கடமை. (கைதட்டல்) கூடிக் காய் பறிக்க யாருக்கும் தெரியும். கூடிக் கூலி கொடுக்கத் தெரிஞ்ச தெருவிலேதான் தோட்டம் செழிக்கும்.