மலைப்பாதைக்கு எந்த வண்டி?

(தாங்குவோர் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே கூடுகையில், ஜவ்வாது மலைக் கிராம ஊழியத்துக்கு ஒரு ஜீப் வேண்டும் என்று உங்களிடம் கேட்டோம். நீங்களும் தாராளமாய்க் கொடுத்தீர்கள். ஆனால் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது ஜீப் அல்ல, இரண்டு மோட்டார் சைக்கிள்கள். கேட்டது ஒன்று, வாங்கியது ஒன்றா என்று சிலர் கடிதம் எழுதினீர்கள். ஒரு பெரியவர் சற்றுக் கோபமாகவே, "ஐயரே, வாலிபர் மலைக்கு உல்லாசம் போகிற வண்டிக்கா என் பென்ஷன் பணம் போயிற்று?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறோம்.

மலைமேல் தார்ச்சாலை ஓரிடத்தில் முடிகிறது. அதற்கப்பால் ஜீப் போகும் மண்பாதை. அதுவும் கோடைக்காலத்தில் மட்டும். அதற்கும் அப்பால் இருப்பது, இரண்டு ஆள் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கவேண்டிய தடம். உருளைக்கற்கள், மரவேர்கள், மழையில் மார்பளவு வெட்டிப்போன பள்ளங்கள், இரண்டு காட்டாறுகள். எங்கள் குழு போகிற குக்கிராமங்களில் பாதிக்கு மேல் இந்தத் தடத்தின் முடிவில்தான் இருக்கின்றன. ஜீப் வாங்கியிருந்தால் அது அடிவாரத்தில் அழகாய் நின்றிருக்கும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. உடலைக் கொண்டுபோன ஆம்புலன்சு சாலை இல்லாததால் வழியிலே நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார்.

ஆகவே இருசக்கர வண்டி என்று முடிவாயிற்று. எந்த வண்டி என்பதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

நம் நண்பர் ஒருவரின் மகன், தூர மலைகளுக்கெல்லாம் போய்வந்த தம் பெரிய வண்டியை அன்போடு இலவசமாகக் கொடுத்தார். பெயர் வேண்டாம், குறை வண்டியினுடையதல்ல, எங்களுடையது. இருநூறு கிலோவுக்கு மேல் கனம். கம்பீரமான வண்டி. அதை வாங்கிவைத்து ஜெபமும் செய்து, நம் செவிலியர் தம்பி கையில் சாவியைக் கொடுத்தோம். தம்பி ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டாம் வாரத்தில் ஒரு பாறைத் திருப்பத்தில் வண்டி நின்றது, காலை ஊன்றினார், ஊன்றின இடத்தில் பள்ளம். வண்டி சாய்ந்து அவர் கால்மேலே விழுந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தார். ஆடு மேய்க்கிற ஒரு பையன் வந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டுவந்து தூக்கினான். எலும்பு முறியவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அவர் பையிலிருந்த மருந்துகளைவிட அவருக்கே மருந்து அதிகம் வேண்டியிருந்தது.

அன்று முதல் நாங்கள் வண்டியைப் பார்க்கும் முறை மாறிவிட்டது. கடைக்காரர் எத்தனை குதிரைச் சக்தி என்று சொல்லத் தொடங்குவார். நாங்கள், "தம்பி, இதைத் தரையிலே படுக்கவைக்கலாமா?" என்று கேட்போம். திகைப்பார். படுத்த வண்டியை ஒற்றை ஆளாய் நிமிர்த்த முடிந்தால் மேற்கொண்டு பேசுவோம். முடியாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். மலைத்தடத்தில் வண்டி விழாமல் ஓட்டுகிறவர் எவரும் இல்லை.

நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்படுகிற ராயல் என்பீல்டு ஹிமாலயன் வண்டியைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். 2016-ல் வந்தது; 2023-ல் 452 சி.சி. இயந்திரத்தோடு புதிதாக்கினார்கள். 40 குதிரைச் சக்தி, 17 லிட்டர் டேங்க். லடாக் போன்ற தூரப் பயணத்துக்கு, நாள் முழுதும் சாமானோடு போகிறவர்களுக்கு மிக நல்ல வண்டி. கனம் 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியோ ஏறக்குறைய 160 கிலோ. 19 குதிரைச் சக்திதான். இருக்கை உயரம் இரண்டிலும் 825 மில்லிமீட்டர், ஆகவே குள்ளமானவருக்கு இரண்டிலும் ஒரே தொல்லை. ஆனால் ஒற்றைக்காலில் ஊன்றித் தாங்கும்போது அந்த 36 கிலோ வித்தியாசம் பேசும். நம் பாதை தினம் 40, 50 கிலோமீட்டருக்குள் முடிவது. வேகம் மணிக்குப் பதினைந்து. நாற்பது குதிரைகளுக்கு அங்கே வேலை இல்லை. எக்ஸ்பல்ஸையே எடுத்தோம்.

மற்றபடி பார்த்தவை சில. முன்சக்கரம் 21 அங்குலம். நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிளெண்டருக்கு 18. பெரிய சக்கரம் கல்லைக் கண்டால் ஏறும், சிறியது முட்டி நிற்கும். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. கம்பிச் சக்கரம் அடிபட்டால் வளையுமே தவிர உடையாது. தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். டியூப் உள்ள டயர் பழைய மோஸ்தர் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். வழியிலே நாமே கழற்றி ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் எங்களுக்கு அதுவே பிரியம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். மலைவாசிகள் இதே தடத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியிலே சாமை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்! அது தொண்ணூறு கிலோகூட இல்லை. விழுந்தால் குடையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேறு இரண்டு ஆட்களையும் ஏற்றவேண்டியிராவிட்டால் நாங்களும் அதையே வாங்கியிருப்போம்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அப்படிப்பட்ட ஒரு பலாப்பழ வியாபாரிதான். 1980களின் இறுதியில் கிராமச் சேகரத்தில் ராஜ்தூத் ஓட்டிய தைரியத்தில், அறுபத்துநான்கு வயதில் நாங்களும் ஏறினோம். (இதை பிஷப் அவர்களிடம் யாரும் சொல்லவேண்டாம்.) ஹேண்டில்பாரை இரும்பாய்ப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்துக்கு அடியிலிருக்கும் கல்லையே பார்த்துக்கொண்டு போனோம்; அந்தக் கல்லின்மேலேயே போய் விழுந்தோம். அவர் சிரித்துவிட்டு, "நீங்க பாக்குற எடத்துக்குத்தான் வண்டி போவும் சாமி. கல்லப் பாக்காதீங்க, வழியப் பாருங்க. பிடிய எளக்கி விடுங்க, வண்டிக்கு வழி தெரியும்" என்றார். எழும்பி நின்று ஓட்டவேண்டும். கால்மிதியில் பாரத்தை வைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கி, முழங்கையை மடக்கி நிற்கவேண்டும். அப்போது கீழே வண்டி எப்படித் துள்ளினாலும் ஆள் துள்ளுவதில்லை. இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவது பெரும் ஆபத்து. முதல் கியர் அல்லது இரண்டாம் கியரில் இயந்திரமே தாங்கி இறக்கும். முன்பிரேக்கை இரண்டு விரலால் மெதுவாய்த் தொட்டால் போதும். தளர்ந்த கல்லில் அதைச் சட்டென்று பிடித்தவர் தரையிலே இருப்பார். மலையடியில் டயர் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறைத்துவிட்டு ஏறுகிறார்கள். டயர் பரந்து கல்லைப் பற்றிக்கொள்ளுகிறது. தார்ச்சாலைக்கு வந்ததும் பழையபடி நிரப்பவேண்டும், ஆகையால் ஒரு கைப்பம்பு எப்போதும் பையில் உண்டு. காட்டாற்றில் முதலில் நடந்து போய்ப் பார்க்கவேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தால் வண்டி அக்கரைக்கு இல்லை. நடுவில் சாய்ந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இயந்திரத்துக்குள் தண்ணீர் போயிருந்தால் அதோடு முடிந்தது.

வண்டியில் என்ன போகிறது என்று கேட்பீர்கள். தடுப்பூசிப் பெட்டி, அதில் நான்கு பனிப்பொதிகள். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பாரத்தைக் கூடியமட்டும் தாழ்வாக, ஓட்டுகிறவர் முதுகை ஒட்டிக் கட்டுகிறோம். முன்பு பின்புறம் உயரமாய்க் கட்டி, ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பிப் பயந்ததுண்டு. சில சமயம் பெட்டிக்குப் பதில் மனிதர். நேபாளத்தின் தெராய்ப் பகுதியில், பாம்பு கடித்தவர்களை மோட்டார் சைக்கிளில் உடனே கொண்டுபோகத் தொண்டர்களை ஏற்படுத்தி, மக்களுக்கும் அறிவூட்டினார்கள். இறப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேலிருந்து ஒன்றுக்கும் கீழே வந்ததென்று 2013-ல் வெளியான ஆய்வு சொல்லுகிறது. ஓட்டுகிறவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்ளுகிறவருக்கும் நடுவில் நோயாளி. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டியிருக்கவேண்டும். அதையே இங்கும் பின்பற்றுகிறோம். சென்ற மழையில் கட்டுவிரியன் கடித்த ஒருவரை அப்படி இறக்கினோம். இமை தொங்கிய நிலையில் வந்தார், பிழைத்து நடந்து போனார். முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு இன்றும் டோலிதான்.

நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கிக்கும்போது நாம் வாகனத்தைக் கவனிப்பதில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம், கல்லும் பள்ளமுமான வழி. மூலபாஷையிலுள்ள சொல் கழுதை என்றுகூடக் குறிப்பிடுவதில்லை. பாரம் சுமக்கும் மிருகம் என்பதே பொருள். அது தீனி தின்று, லாயத்தில் பராமரிக்கப்பட்டு, அன்று நடக்கத் தகுதியாய் இருந்தது என்பதை மட்டும் நாங்கள் இப்போது நினைத்துக்கொள்ளுகிறோம்.

ஏனென்றால், நம் வண்டி ஒருநாள் நடக்கவில்லை. பிரசவ வேதனையில் ஒரு தாய் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. செவிலியரம்மாவை ஏற்றிக்கொண்டு தம்பி புறப்பட்டார். பாதி மலையில் செயின் அறுந்தது. வண்டிமேல் குற்றமில்லை. செயினும் பல்சக்கரமும் தேய்ந்து, மாற்றவேண்டிய நாள் கடந்து நாலு மாதம். மூவாயிரம் ரூபாய்க்குள் ஆகிற காரியம். வரவு செலவுக் கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லாதபடியால், அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நாங்களே தள்ளிப்போட்டோம். மீதி வழியை இருவரும் நடந்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டர் அம்மாவைக் கேட்டோம். ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்க ஆராதனை வேண்டாமென்று அந்த மக்கள் தங்கள் வழக்கப்படி செய்தார்கள்; நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம்.

இது புதிய தவறும் அல்ல. 1980களில் ராண்டி மமோலா என்ற அமெரிக்கப் பந்தய வீரரும், பேரி கோல்மன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளரும் சோமாலியாவுக்குப் போனபோது, தர்மமாய் வந்த மோட்டார் சைக்கிள்கள் சின்னச் சாமான் மாற்ற வழியின்றித் துருப்பிடித்துக் கிடக்கக் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததே, ஆப்பிரிக்காவில் சுகாதார ஊழியரின் வண்டிகளைப் பராமரிக்கும் ரைடர்ஸ் ஃபார் ஹெல்த் ஸ்தாபனம். கெட்டபின் பழுதுபார்ப்பதல்ல, கெடுமுன் மாற்றுவதே அவர்கள் முறை. இப்போது நம் தம்பிமாரும் தினம் காலை ஜெபத்துக்குப் பின் பெட்ரோல், எண்ணெய், செயின் தொய்வு, நட்டுகள், பிரேக் இவற்றைப் பார்த்து நோட்டில் கையெழுத்திடுகிறார்கள். நோட்டை வாரந்தோறும் நாங்களே பார்க்கிறோம்.

ஆகையால் இந்த ஆண்டு உங்களிடம் புதிய வண்டி கேட்கவில்லை. பெயர்ப்பலகை வைக்கத்தக்கது எதுவுமில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்னே இரண்டு முன்டயர், இரண்டு செயின் செட், பிரேக் பட்டைகள், காற்று வடிகட்டிகள், ஆறு டியூப் வேண்டும். தம்பிமாருக்கு முழங்கால் கவசமும் கணுக்காலை மூடும் பூட்சும் வேண்டும். இதுவரை செருப்போடு போனார்கள் என்று சொல்ல வெட்கப்படுகிறோம். விலைப்பட்டியல் வாசலில் இருக்கிறது.

கோபித்து எழுதிய பெரியவரும் இன்று வந்திருக்கிறார்; முன்வரிசையில் காண்கிறோம். ஐயா, கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். வண்டியைப் படுக்கவைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறோம், நீங்களே நிமிர்த்திப் பார்க்கலாம், உதவிக்குத் தம்பிமார் நிற்பார்கள். சாவி மட்டும் எங்கள் அங்கிப் பையில் இருக்கிறது.