கார்த்திகையில் பூக்க வேண்டியது

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து காப்பி சாப்பிடும்போது ஒரு மாமி என்னிடம், "எங்காத்துல பிரம்ம கமலம் பூத்தது, வெளக்கேத்தி நமஸ்காரம் பண்ணினோம். உங்காத்துலயும் அதே ஜாதிச் செடி ஒண்ணு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுப் பூத்துதாமே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற காரியதரிசி, "இதை மேடையிலேயே சொல்லிடுங்கோ மாமா, அடுத்த கூட்டத்துக்குப் பேச ஆள் இல்லை" என்றார். ஆகவே இன்று உங்களுக்கு ஆன்மிகமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. ஒரு தொட்டிச் செடியின் சமாசாரம்தான்.

முதலில் மாமியின் பிரம்ம கமலம். நம்மூரில் ராத்திரி பத்து மணிக்கு வெள்ளையாக விரிந்து, வீடு முழுக்க மணந்து, விடிவதற்குள் துவண்டு போகிறதே, அது மலையாளத்தில் நிஷாகந்தி. திருவனந்தபுரம் கனகக்குன்னில் அந்தப் பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கமே இருக்கிறது. அசல் பிரம்ம கமலம் இமயமலையில் மிக உயரத்தில் வளர்வது. உத்தராகண்ட் மாநிலத்தின் மலர் அதுதான். அது சூரியகாந்திக் குடும்பம். நிஷாகந்தியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி. அதற்காக விளக்கேற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அழகுக்கு ஒரு விளக்கு தாராளமாக ஏற்றலாம்.

கள்ளி என்றதும் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார் என்று போகிற வழியில் வறண்ட நிலத்தில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஞாபகம் வரும். அவை வேறு குடும்பம். ஒடித்தால் பால் வரும். நான் சொல்லும் காக்டஸ் வகையை ஒடித்தால் வெறும் நீர்தான் கசியும். சப்பாத்திக்கள்ளி இந்த இரண்டாவது வகை. அதுவும் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு செடிதான் மனிதன் கொண்டுபோகாமலே இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது. அது மரத்திலிருந்து பச்சை நூல் போலத் தொங்கும். நம் கதாநாயகிக்கு அது நெருங்கிய தாயாதி.

கதாநாயகியின் பெயர் கிறிஸ்துமஸ் காக்டஸ். 1996-ல் எனக்கு தேவிகுளத்துக்கு மாற்றலாயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு கிறிஸ்தவ டீச்சர் என் சகதர்மிணியிடம் நாலைந்து துண்டுகள் ஒடித்துக் கொடுத்தார். அப்போது எங்களுடன் இருந்த என் அம்மா, "கள்ளியை ஆத்துக்குள்ள வெக்கப்படாது" என்று ஒரே பிடிவாதம். முள் இல்லையே என்று தொட்டுக் காட்டிச் சமாதானப்படுத்தினோம். அடுத்த வருஷமே, திருக்கார்த்திகைக்கு அகல் வரிசை வைத்த அதே ஜன்னல் விளிம்பில், ஒவ்வொரு நுனியிலும் குங்குமமும் ரோஸும் கலந்த நிறத்தில் பூ. அம்மா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

என் மனைவி அதைக் கார்த்திகைப்பூ என்றே அழைத்தாள். நான் பி.எஸ்ஸி. படித்தவன் அல்லவா! "கார்த்திகைப்பூ என்றால் செங்காந்தள். இது கிறிஸ்துமஸ் காக்டஸ். டிசம்பரில் பூக்க வேண்டியது, இங்கே கொஞ்சம் முந்திவிட்டது" என்று திருத்தினேன். ஒரு தடவை அல்ல, வருஷா வருஷம் திருத்தினேன்.

ரிடையர் ஆன பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பண்டிகைக் காக்டஸ் என்று விற்பவற்றில் முக்கியமாக மூன்று உண்டு. இலை மாதிரித் தட்டையாக இருப்பது உண்மையில் இலை அல்ல, தண்டு. அதன் விளிம்பைப் பார்த்தால் போதும். நண்டின் கொடுக்கு போலக் கூரான பற்கள் இருந்தால் அது நவம்பரில் பூப்பது. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் பண்டிகையின் பெயரால் சொல்கிறார்கள். பூ கிடைமட்டமாக நீளும், மகரந்தப் பைகள் மஞ்சள். விளிம்பு அலை அலையாக மழுங்கியிருந்து, பூ நேராகக் கீழே தொங்கி, மகரந்தப் பைகள் ஊதாச் சாயலாக இருந்தால் அதுதான் அசல் கிறிஸ்துமஸ் காக்டஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வில்லியம் பக்லி என்பவர் இரண்டு இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு அது. மூன்றாவது ஈஸ்டர் காக்டஸ். துண்டின் நுனியில் மெல்லிய ரோமம் இருக்கும், பூ நட்சத்திரம் போல விரியும். கடைகளில் கிறிஸ்துமஸ் காக்டஸ் என்று சீட்டு ஒட்டி வருபவை பெரும்பாலும் முதல் வகைதான்.

எங்கள் வீட்டுச் செடியை எடுத்துப் பார்த்தேன். கூரான பல். ஆக நவம்பரில், கார்த்திகையை ஒட்டிப் பூப்பதுதான் அதன் ஜாதி தர்மம். அவள் வைத்த பெயர்தான் சரி. இதை அவளிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

1999-ல் பாலக்காட்டுக்கு மாற்றல். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறையூர், சின்னார் வழியாக ஜீப்பில் வந்தாள். கிராமத்து வீட்டுத் திண்ணையில் வைத்தோம். செடி செழித்தது. பூ மட்டும் இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டோம். "குளிர் இல்லாம இதுக்கு மனசு வரல்லை, கேட்டேளா" என்பாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குளிர் அல்ல, இருட்டு என்றேன்.

நான் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. 1920-ல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தை வைத்து, செடி பூப்பதைப் பகல் பொழுதின் நீளம் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். பிற்பாடு, உண்மையில் செடி கணக்கெடுப்பது பகலை அல்ல, இடையறாத இரவை என்று தெரிந்தது. நடு ராத்திரியில் சில நிமிஷம் சிவப்பு வெளிச்சம் பட்டாலே சில செடிகளுக்குக் கணக்குத் தவறிவிடும். அதை உணரும் நிறமியை 1959-ல் பிரித்தெடுத்தார்கள். நம் செடியும் இந்த வகையே. சுமார் 13 மணி நேரத் தொடர் இருட்டு வேண்டும்.

எங்கள் திண்ணையிலோ ராத்திரி பத்தரை வரை டியூப் லைட். கல்பாத்தித் தேர் வரும் நவம்பர் மத்தியில் கேட்கவே வேண்டாம், வீதி முழுக்க விடிய விடிய வெளிச்சம். ஆகா, இதுதான் காரணம் என்று 2006-ல் செடியை மச்சு அறைக்கு மாற்றி, சாயங்காலம் ஐந்தரைக்குக் கறுப்புத் துணி மூடி, காலை ஏழரைக்கு எடுத்தேன். இரண்டு வருஷம் தவறாமல் செய்தேன். ஒரு மொட்டுகூட இல்லை. மச்சில் ஓட்டுச் சூட்டில் செடி வாடியதுதான் மிச்சம். அவள் ஒன்றும் சொல்லாமல் தொட்டியைக் கிணற்றடி நிழலுக்கு எடுத்துப்போனாள்.

ஒரு சின்னக் கணக்கு. பாலக்காடு பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரிகூட வடக்கே இல்லை. நம் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12¾ மணி, மிகக் குறுகிய பகல் 11½ மணி. அதாவது மார்கழியில்கூட நம் இரவு 12½ மணிதான். சந்தி வெளிச்சத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. 13 மணி இருட்டு இயற்கையாக இங்கே கிடையவே கிடையாது. மூணாறு, தேவிகுளம் இன்னும் கொஞ்சம் தெற்கே. அங்கேயும் இந்தக் கணக்குதான். அப்படியானால் தேவிகுளத்தில் எப்படிப் பூத்தது? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கையில் ஒரு சித்தாந்தம் கிடைத்துவிட்டால் நமக்குக் கண் மறைத்துவிடுகிறது.

விடை செடியின் பிறந்த வீட்டில் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோவுக்குப் பின்னால் கடலோரமாக ஒரு மலைத்தொடர். பாறைச் சிகரங்கள் ஆர்கன் வாத்தியத்தின் குழாய்கள் போல நிற்பதால் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அங்கே மேகம் தவழும் காட்டில், மரக்கிளையின் பாசியிலும் பாறை இடுக்கிலும் நிழலில் வளர்கிறது இது. தென் பாதி உலகம் ஆதலால் அங்கே மே மாதத்தில் பூக்கும். பிரேசில்காரர்கள் மே மலர் என்கிறார்கள். அங்கே ஜூனில் இரவு 13¼ மணி. கூடவே மலைக்குளிர். இரவு வெப்பம் 10 முதல் 15 டிகிரி வரை இறங்கினால், இந்தச் செடி இருட்டின் கணக்கை அவ்வளவாகப் பார்க்காமலே மொட்டுக் கட்டும். 16 முதல் 20 வரை என்றால் இருட்டும் சேர்ந்து வேண்டும். 24-ஐத் தாண்டினால் எத்தனை கறுப்புத் துணி போட்டாலும் பிரயோஜனமில்லை. மூணாறு 1,500 மீட்டர் உயரம். நவம்பர் ராத்திரிக் கம்பளி உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டில் டிசம்பரிலும் 22 டிகிரி சர்வ சாதாரணம்.

ஆக குளிர் என்று அவள் சொன்னதும் சரி.

2018-ல் அவள் காலமானாள். செடிக்குத் தண்ணீர் விடும் வேலை எனக்கு வந்தது. காக்டஸ்தானே என்று சில நாள் மறந்தேன், மறந்ததற்குப் பிராயச்சித்தமாகச் சில நாள் அதிகம் விட்டேன். ஆடி மழையில் அடித்தண்டு அழுகிச் சரிந்தது. முழுக்கப் போய்விட்டது என்றே நினைத்தேன். நுனியில் மூன்று துண்டுகள் மட்டும் கெட்டியாக இருந்தன. முறுக்கிப் பிரித்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்து ஊன்றினேன். இந்தத் தடவை செம்மண் இல்லை. தேங்காய்த் தொண்டுத் துணுக்கு, அடுப்புக்கரி, மக்கிய இலை, கொஞ்சம் ஆற்று மணல். மரத்தில் வாழ்வதற்கு மண் எதற்கு? மூன்றும் பிழைத்தன.

குளிருக்கு என்ன செய்வது? ஏ.சி. அறையில் வைக்கலாம் என்றார்கள். செடிக்காக ஏ.சி. போட்டால் மின்சாரக் கட்டணம் கட்ட என் பென்ஷன் போதாது. அப்போது டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் காய்கறி கெடாமல் இருக்க வடிவமைத்த, மின்சாரம் வேண்டாத குளிர் அறை நினைவுக்கு வந்தது. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் மூன்று அங்குலம் ஆற்று மணல், மணலில் தண்ணீர். நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறையும். நம் மண்பானை சமாசாரம்தான். காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவு குளிர்ச்சி. பாலக்காட்டுக் கணவாயில் தனு மாசத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றை நாம் எல்லோரும் வைதிருக்கிறோம். உதடு வெடிக்கும், மொட்டு உதிரும். ஆனால் இந்தத் தொட்டிக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது.

கிணற்றடியில் இரண்டடி உயரத்தில் சின்னதாக ஒன்று கட்டினேன். சாயங்காலம் ஐந்தரைக்குச் செடியை உள்ளே வைத்து நனைந்த கோணிச் சாக்கால் மூடுவது, காலை ஏழரைக்கு வெளியே எடுத்து மரநிழலில் வைப்பது. வெளியே 22 இருந்த ராத்திரிகளில் உள்ளே 18, 19 காட்டியது தெர்மாமீட்டர். முதல் வருஷம் அக்டோபரிலேயே அவசரப்பட்டுத் தொடங்கினேன். துலாவர்ஷ மழையின் ஈரக்காற்றில் ஒன்றும் குளிரவில்லை. 2024-ல் டிசம்பர் முதல் வாரம் வரை காத்திருந்தேன். உரத்தை அக்டோபரிலேயே நிறுத்தி, தண்ணீரையும் குறைத்தேன். நுனியில் இளசாக இருந்த அரைகுறைத் துண்டுகளைக் கிள்ளிவிட்டேன். முற்றின நுனியில்தான் மொட்டு வரும்.

ஜனவரி பதினெட்டாம் தேதி வாக்கில் ஒரு நுனியில் அரிசி அளவு சிவப்பு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். பத்து நாளில் பதினான்கு மொட்டு ஆயிற்று. எல்லோருக்கும் காட்டும் ஆசையில் ஒரு நாள் பகல் முழுக்கத் திண்ணையில் வைத்தேன். அந்தக் காற்றில் ஒன்பது உதிர்ந்தன. மொட்டு வந்த பின் இடத்தையும் திசையையும் மாற்றாதீர்கள், அடித்தொட்டியைக் காயவும் விடாதீர்கள். இது என் ஒன்பது மொட்டின் விலை.

மிச்சம் ஐந்தும் 2025 பிப்ரவரியில், சிவராத்திரிக்கு ஐந்து நாள் முன்னால் விரிந்தன. கார்த்திகையில் பூக்க வேண்டியது மாசியில் பூத்தது. அதே நிறம். ஒன்றைப் பறித்து அவள் படத்துக்கு வைக்கலாமா என்று யோசித்தேன். செடியிலிருந்து பூப் பறித்தால் அவளுக்குப் பிடிக்காது. தொட்டியையே கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படத்துக்குக் கீழே வைத்தேன். இடம் மாற்றக்கூடாது என்று இப்போதுதான் உங்களுக்குச் சொன்னேன். ஆனால் விரிந்த பூவுக்கு அந்தச் சட்டம் அவ்வளவு கண்டிப்பில்லை, நாலு நாள் இருந்தது.

நெல்லியாம்பதியில், மறையூருக்கு மேலே காந்தளூரில் உறவுக்காரர்கள் உள்ளவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அக்டோபரில் தொட்டியை அங்கே அனுப்பிவிட்டு, பூத்ததும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வாசல் மேஜையில் ஈரத்துணி சுற்றிய பன்னிரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒன்று. வாங்கிப் போகிறவர்கள் இன்றே ஊன்றிவிடாதீர்கள், இரண்டு நாள் காயட்டும். பிரம்ம கமலம் மாமிக்கு ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பதிலுக்கு ஒரு நிஷாகந்தித் துண்டு வேண்டும்.