மூளையில ரத்தக்கசிவு வந்தவருக்கு அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுக்கலாமா?

இன்னைக்கு ஒரு வீட்டையே ரெண்டா பிரிச்சிடக்கூடிய கேள்வி. மூளையில ரத்தக்கசிவு ஆகிப் பிழைச்சு வந்த ஒருத்தர், ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிட்ட மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா?

எங்க பெரியப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்துடிப்பு தாறுமாறாகும் பிரச்சினை. அதுக்காக வார்ஃபரின் சாப்பிட்டுட்டு இருந்தார். கசிவு வந்ததும் டாக்டர்கள் நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு இந்தப் பேச்சு வந்தப்போ, "அந்த மாத்திரையாலதானே இப்படி ஆச்சு?"ன்னு பெரியம்மா அழுதாங்க. "போடலேன்னா அடைப்பு வந்துடுமேம்மா"ன்னு அண்ணன் சொன்னான். ரெண்டு பேர் பயமும் நியாயம்தான்.

துடிப்பு சீரா இல்லாதப்போ, இதயத்தோட இடது மேலறையில இருக்கிற சின்னப் பை மாதிரியான இடத்துல ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா, அடைப்பால வர்ற ஸ்ட்ரோக். மாத்திரை அதைத் தடுக்கும். ஆனா திரும்பக் கசிவு வந்தா, அதை நிக்க விடாமலும் செய்யும்.

2025ல லான்செட் இதழ்ல வெளியான 'பிரெஸ்டீஜ் ஏஎஃப்' ஆய்வு இதையேதான் காட்டுது. இந்த ரெண்டு பிரச்சினையும் இருந்த 319 பேர், ஐரோப்பாவுல. வார்ஃபரினுக்குப் பிறகு வந்த புதுவகை மாத்திரைகளைச் சாப்பிட்டவங்களுக்கு அடைப்பு ஸ்ட்ரோக் வெகுவா குறைஞ்சது. மூளையில கசிவு கூடியது. ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் விலை.

அப்போ எப்படி முடிவெடுக்கிறது? முதல்ல, கசிவு எந்த இடத்துலன்னு பார்க்கணும். மூளையோட ஆழத்துல வந்திருந்தா பெரும்பாலும் பிபிதான் காரணம், அதைக் கட்டுப்படுத்தலாம். வெளிப்பகுதியில வந்திருந்தா, வயசானவங்களுக்கு ரத்தக்குழாய் சுவர்ல அமிலாய்ட் புரதம் படிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அங்கே மறுபடி கசியும் ஆபத்து அதிகம். எம்ஆர்ஐ ஸ்கேன்ல பழைய நுண்கசிவுகளும் தெரியும்.

பெரியப்பாவுக்கு ஆழத்துல, பிபியால வந்த கசிவு. பிபியை 130/80க்குக் கீழே கொண்டுவந்து, எட்டாவது வாரம் அபிக்சபான் ஆரம்பிச்சாங்க. 2022ல வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் சுமார் 7, 8 வாரம் கழிச்சு யோசிக்கலாம்னுதான் சொல்லுது. பெரியம்மா இன்னும் முழுசா சமாதானம் ஆகலை. அவங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த முடிவுல ஆபத்தே இல்லாத வழி கிடையாது.

செயற்கை உலோக வால்வு வச்சவங்க கணக்கு வேற. அவங்க மாத்திரையை ரொம்ப நாள் நிறுத்தி வைக்க முடியாது. மாத்திரையே ஒத்துக்காதவங்களுக்கு அந்தச் சின்னப் பையை அடைச்சுவிடுற சிகிச்சையும் இருக்கு.

உங்க வீட்டுல இந்தச் சூழ்நிலை வந்தா, நியூராலஜிஸ்ட், கார்டியாலஜிஸ்ட் ரெண்டு பேர்கிட்டயும் நாலு கேள்வி கேளுங்க. கசிவு எங்கே வந்தது? ஏன் வந்தது? அடைப்பு வர்ற ஆபத்து எவ்வளவு? ஆரம்பிச்சா எப்போ, எந்த மாத்திரை? நீங்களா நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டை வச்சு நீங்களா ஆரம்பிக்கவும் வேண்டாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.