நாற்காலி யாருக்கு மிராசு?

(தர்மபுரி மாவட்டத்துக் கிராமக் கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவின் சாரம்)

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டுமா என்பது பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். இது வக்கீல்களும் சட்டசபைக்காரர்களும் பேசிக்கொள்ளவேண்டிய சங்கதி, ஏர் பிடிக்கிறவனுக்கும் கல் உடைக்கிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒகேனக்கல் தண்ணீர் உங்கள் தெருக்குழாயில் நின்றுபோனால் யார் வாசலில் போய் நிற்பது, அவர் ஏனென்று கேட்காவிட்டால் அவரை என்றைக்கு இறக்குவது என்பதுதான் இதன் அர்த்தம். இதற்குமேல் இதில் வேதாந்தம் ஒன்றுமில்லை.

இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு மணியமும் கணக்கும் நன்றாய் ஞாபகமிருக்கும். மணியக்காரர் மகன் மணியக்காரர், கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை. சிட்டாவும் அடங்கலும் அவர் வீட்டுப் பெட்டிக்குள். நிலம் நம்முடையது, அது நம்முடையது என்று சொல்லும் காகிதம் அவருடையது! கிராம உத்தியோகத்தைப் பரம்பரைப் பாத்தியதையாகக் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஆந்திரத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1960-ல் தீர்ப்புச் சொல்லிற்று. நம் தமிழ்நாட்டில் அந்தப் பழைய உத்தியோகங்களையே ஒழித்தது 1980-ல். மணியக்காரர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் இறக்க முடியாத ஆசனத்தில் உட்கார்ந்தவன் நல்லவனாயிருப்பது அவன் தயவு, ஜனங்களின் உரிமையாகாது.

நிற்க, இன்று ஓட்டுப்போட்டு அனுப்புகிறவர்களின் நிலைமை என்ன? இந்தியாவில் முதன்மந்திரிக்கும் பிரதம மந்திரிக்கும் இத்தனை தடவைதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேற்கு வங்காளத்தில் ஜோதிபாசு 1977 முதல் 2000 வரையிலும், ஒரிசாவில் நவீன் பட்நாயக் 2000 முதல் 2024 வரையிலும் முதன்மந்திரியாயிருந்தார்கள். சிக்கிமில் சாம்லிங் 1994-லிருந்து 2019 வரையில் இருந்தார். "ஜனங்கள்தானே ஓட்டுப்போட்டார்கள், உமக்கென்ன கஷ்டம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதவியிலிருப்பவர் கையில் போலீசு, கஜானா, காண்ட்ராக்டு, விளம்பரம் எல்லாமிருக்க, எதிரே நிற்பவர் கையில் ஒரு நோட்டீசு மட்டும் இருந்தால், அது சமமான போட்டியா என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

தானாக இறங்கினவரும் உண்டு. தோழர் காமராசர் 9 வருஷம் முதன்மந்திரியாயிருந்து 1963-ல் விட்டுப்போனார். மெச்சத்தக்க காரியம்தான். ஆனால் ஒருவருடைய குணத்தை நம்பியா ஒரு ராஜ்யத்தை நடத்துவது?

இந்தச் சமயத்தில் நமது பழம்பெருமைக்காரர்கள் எழுந்து, "இதெல்லாம் நமக்குப் புதிதா? உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்" என்பார்கள். பார்த்தாகிவிட்டது. பராந்தக சோழன் காலத்தில், 1,100 வருஷங்களுக்கு முன், குடவோலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். வாரியத்தின் காலம் 360 நாள். முந்தின 3 வருஷத்துக்குள் வாரியத்திலிருந்தவன் பெயர் குடத்தில் போகாது. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் இடமில்லை. இந்த மூன்றும் அருமையான ஏற்பாடுகள், இன்றைக்கும் நமக்கு வேண்டியவை. ஆனால் அதே கல்வெட்டில், சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்குமேலும் இருக்கவேண்டும், மந்திர பிராமணம் ஓதத் தெரிந்திருக்கவேண்டும் என்றும் வெட்டியிருக்கிறதே, அதை ஏன் மேடையில் மெல்ல விழுங்குகிறார்கள்? அது பிராமணர் சபை. உழுதவன் பெயர் அந்தக் குடத்தருகே போனதேயில்லை. தங்களுக்குள் ஒருவன் நெடுநாள் உட்கார்ந்தால் மற்றவனுக்குப் பங்கு கிடைக்காது என்பதை அவர்கள் நன்றாய்த் தெரிந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, சட்டத்தில் வரம்பு எழுதிவிட்டால் தீர்ந்ததா என்றால், பக்கத்திலுள்ள இலங்கையைப் பாருங்கள். ஜனாதிபதிக்கு இரண்டு தடவைதான் என்று அங்கே அரசியல் சட்டத்தில் இருந்தது. மகிந்த ராஜபக்ச இரண்டாம் தடவை ஜெயித்த 2010-ஆம் வருஷமே, செப்டம்பரில், 18-வது திருத்தம் என்று ஒன்று கொண்டுவந்து 161 ஓட்டுகளால் அந்த வரம்பை அழித்தார். மூன்றாம் தடவை நின்றார். 2015 ஜனவரியில் ஜனங்கள் தோற்கடித்தார்கள். அதே வருஷம் 19-வது திருத்தம் வரம்பைத் திரும்ப வைத்தது. பிறகு? அண்ணன் நிற்க முடியாதென்றவுடன் 2019-ல் தம்பி நின்று ஜனாதிபதியானார், அண்ணன் பிரதம மந்திரியானார்! நாடு திவாலாகி, 2022-ல் ஜனங்கள் மாளிகைக்குள் புகுந்து தம்பியை விரட்டவேண்டியதாயிற்று. கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் சேர்த்து உத்தரமேரூர்க்காரர்கள் தள்ளி வைத்ததன் காரணம் இப்பொழுது விளங்குகிறதா?

தோழர்களே! இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வரம்பு என்பது நம் நாட்டில் அடியோடு இல்லை என்று சொல்வதற்கில்லை. இருக்கிறது, அது அடிமட்டத்துக்கு மட்டும் இருக்கிறது.

1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தத்தில், ஊராட்சியின் காலம் 5 வருஷம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது, அந்தக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்கவேண்டும் என்று கண்டிருக்கிறது. இதைத் தட்டக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டும் 2006-ல் சொல்லிற்று. நடந்ததென்ன? இந்தத் தர்மபுரி ஜில்லாவில் ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பை ஐகோர்ட்டு ரத்துச் செய்தது. பிறகு எல்லை வரையறை, வழக்கு, வாய்தா என்று இழுத்து, ஓட்டுப்போட்டது 2019 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல் ஊருக்குத் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த சபை இல்லாததால் மத்திய சர்க்காரின் மானியமும் நின்றது. அந்தச் சபையின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தவுடன் மறுபடியும் தனி அலுவலர்! தனி அலுவலருக்கு யாரும் ஓட்டுப்போடவில்லை. நீங்கள் அவரை இறக்கவும் முடியாது. பார்லிமெண்டுத் தேர்தலை இப்படி மூன்று வருஷம் தள்ளிவைத்தால் தேசம் சும்மாயிருக்குமா? நெருக்கடிக் காலத்தில் 1976-ல் முடியவேண்டிய லோக்சபையை ஒரு வருஷம் நீட்டியதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கிராமத்துக்கு அது நேர்ந்தால் பத்திரிகையில் நாலு வரி.

இன்னொன்று. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கிய தலைவர் பதவிகள் ஊருக்கு ஊர் சுழலவேண்டுமென்று அதே திருத்தம் சொல்கிறது. மற்ற ஊர்களுக்கும் முறை வரவேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு என்ன விலை கொடுத்தார்கள் தெரியுமா? மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் கூட ஐந்து பேரையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரையில் தேர்தலையே ஒழுங்காய் நடத்தவிடவில்லை. ஒரு பறையர் வீட்டுப் பெண் செக்குப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் கையில் வாங்கி, கிளார்க்கை வேலை வாங்கக் கற்றுக்கொள்ளும்போது சுழற்சி வந்துவிடுகிறது. பொதுத்தொகுதியில் நிற்கலாமே என்பார்கள். நின்றால் ஊரில் எத்தனை பேர் அவளுக்குப் போடுவார்கள் என்பது சொல்கிறவர்களுக்கே தெரியும். பதவிக்காலம் முடிந்தது என்று சட்டம் நிஜமாகவே சொல்லி அனுப்புவது அவள் ஒருத்தியைத்தான். மந்திரிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. முதன்மந்திரிக்கும் பிரதம மந்திரிக்கும் தொடர்ந்து இரண்டு காலத்துக்குமேல் கூடாது, இறங்குகிறவர் வீட்டாரும் அடுத்த காலத்துக்கு அந்த ஆசனத்துக்கு வரக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதவேண்டும். ஊராட்சிக்குக் குறித்த நாளில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரை வைக்கும் சட்டசபைக்கு அந்த அதிகாரமே இருக்கக்கூடாது. ஒதுக்கீட்டுச் சுழற்சி எந்த ஊரிலும் இரண்டு காலத்துக்குமுன் வரக்கூடாது. திறமைசாலி போய்விட்டால் நாடு கெட்டுவிடும் என்ற பயம் சிலருக்கு இருக்கலாம். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் நான்கு தடவை ஜெயித்ததைப் பார்த்து, 1951-ல் இரண்டு தடவைதான் என்று சட்டமாக்கினார்கள்; திறமைசாலி கிடைக்காமல் அந்நாட்டில் ஜனாதிபதி நாற்காலி காலியாய்க் கிடக்கவில்லை.

கிராம சபை கூடும் நாளில் இந்த இரண்டாவது கோரிக்கையையாவது ஒரு தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். நான் சொன்னதில் ஆட்சேபணையுள்ள தோழர்கள் இப்பொழுதே எழுந்து கேட்கலாம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கிறது.