பட்டியலில் நம் பெயர் எங்கே?

(சின்னமனூர் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

"ஹஜ்ரத், நமக்கு 3.5 சதவீதம்தானே, அதுல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிடும்?" என்று கடைவீதியில் ஒரு தம்பி கேட்டார். 2007-ல் கிடைத்த தனி ஒதுக்கீட்டை நம் பிள்ளைகள் இப்படித்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

தேர்வாணையம் எப்படிப் பட்டியல் போடுகிறது? குரூப் 4 தேர்வு 300 மதிப்பெண்ணுக்கு. அதில் தமிழுக்கு 150. தமிழில் 60 எடுக்காதவரின் மீதி விடைகளைத் திருத்துவதே இல்லை. தேறியவருக்கு எல்லோரோடும் சேர்த்து ஒரு தரவரிசை, தன் வகுப்புக்குள் ஒரு தரவரிசை. பணியிடங்களை 200 இடச் சுழற்சியில் பிரிக்கிறார்கள். அதில் நமக்கு 7. பொதுப்பிரிவுக்கு 62.

அந்த 62 யாருடைய பாட்டன் சொத்து? மதிப்பெண் இருந்தால் ராவுத்தர் வீட்டுப் பிள்ளையும் அதில் உட்காரலாம். அப்படி உட்காருபவரை நம்முடைய 7-ல் கழிப்பதில்லை. அந்த இடம் இன்னொரு தம்பிக்குப் போகும். ஏழுக்குக் குறிவைத்துப் படிக்கிறவர் ஏழையும் இழக்கிறார்!

இன்னொன்று, சான்றிதழ். எனக்குத் தெரிந்த ஒரு பையன் நல்ல மதிப்பெண் எடுத்தும் சரிபார்ப்பில் நின்றுபோனான். சாதிச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தது. அரசுப் பட்டியலில் இருப்பது ஏழு பிரிவுகள்: அன்சார், தக்கினி, துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பைக்குள் வருகிறார்கள். பிரிவின் பெயர் சான்றிதழில் இருக்கவேண்டும். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைக்கும் தகப்பனார் பெயரில்தான் சான்றிதழ் வேண்டும், மாப்பிள்ளை பெயரில் அல்ல. பெண்களுக்கு 30 சதவீதம் இருக்கிறது. அவர்களை ஏன் தேர்வுக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள்? (முன்வரிசையில் சில பெரியவர்கள் சிரிக்கிறீர்கள், நான் சிரிக்கச் சொல்லவில்லை.)

விண்ணப்பத்தில் வகுப்பைத் தவறாகக் குறித்துவிட்டு, பிறகு மாற்றக் கேட்டு அலையாதீர்கள். கடைசித் தேதி இரவில் அவசரமாக யாரோ நிரப்பித் தருவதால் வரும் வினை இது.

முதலாளிமார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் நிற்கும் பட்டதாரிப் பையன், பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு எப்போது படிப்பான்? தேர்வு வரைக்கும் மஃரிபோடு அவனை அனுப்புங்கள். சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.

வருகிற ஜும்ஆ முடிந்ததும் நான் பள்ளி வாசற்படியில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். சான்றிதழ்களை எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.